வறட்டுத் துணி

அத்தியாயம் 14

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு ஒரு காரைக் கழுவுவதற்குக்கூட போனில் படம் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குத் தலை வாரப் படம், மீன் ஆயப் படம், காரைத் துடைக்கப் படம். பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் நம்பமாட்டார்கள். நானும் யாரையும் நம்புகிறவன் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் நான் ஒருத்தனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்பாமல் இருப்பேன். இவர்கள் முகமே தெரியாதவன் சொல்வதை நம்புகிறார்கள்.

என் மருமகன் ராஜ்கமல் குவைத்துக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. போகும்போது எங்கள் வீட்டில் இரண்டை விட்டுவிட்டுப் போனான். ஒன்று அவனுடைய கறுப்புக் கார். இன்னொன்று என் மகள் மலர்கொடி.

"ரெண்டையும் பாத்துக்குங்க மாமா" என்றான். காரின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

போன வாரம் அவனிடமிருந்து வந்த போன்தான் வீட்டைக் கலைத்துவிட்டது. காரை விற்றுவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு வீடு பிடித்து, மலர்கொடியை அங்கே கூட்டிக்கொள்வானாம். இந்த மாதக் கடைசிக்குள் பிடித்தாக வேண்டுமாம். தவறினால் மறுபடி ஒரு வருஷம் அவன் ஆம்பளைகளோடு ரூமில்தான் கிடக்க வேண்டுமாம்.

ஆக, கார் போனால் மலர்கொடி போவாள். கார் நின்றால் அவளும் நிற்பாள்.

கோட்டக்குப்பத்திலிருந்து ரவூப் பாய் என்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் காரைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

காலையில் ஏழரை மணிக்கு நான் உப்பளத்திலிருந்து வந்தேன். வந்ததும் என்றைக்கும் செய்வதைச் செய்தேன். பழைய வேட்டி ஒன்றை நாலாகக் கிழித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை எடுத்து வறட்டுத் துணியாகவே காரை வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பதினோரு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த அன்றைக்கும் துடைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

தண்ணீர் ஊற்றமாட்டேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் கரிக்கும். ஒரு வாளியைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்ததும் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதைக் கொண்டுபோய் யாராவது காரில் ஊற்றுவானா?

மலர்கொடி வெளியே வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். முகத்தில் என்றைக்கும் இல்லாத வெளிச்சம். கார்ப் பக்கம் வந்தவள் சட்டென்று நின்றாள்.

"நைனா, தள்ளு."

"இரு, இந்தக் கதவு பாக்கி இருக்குது."

"தள்ளுன்றேன்ல."

வெயில் சாய்வாக பானெட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இது இன்னா?"

"எது?"

"வெயில் படற எடத்துல குனிஞ்சு பாரு."

பார்த்தேன். சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள். சிலந்தி கட்டிய மாதிரி வளையம் வளையமாக. நான் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. தேய்க்கிறவன் எதற்குக் குனிகிறான்?

"வெயிலுக்கு வெடிச்சிருக்கும்" என்றேன்.

"வெயிலு வட்டம் வட்டமாவா வெடிக்கும்?"

அவள் தன் உள்ளங்கையை பானெட்டுக்கு மேலே, தொடாமல் பிடித்து, ஒரு கோட்டின் வழியே சுற்றினாள். என் கை போகிற வழியிலேயே அவள் கையும் போயிற்று. ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.

"தெனம் காத்துல வர்றது உப்பும் மணலும். அது மேல ஒக்காந்திருக்கும்போதே துணி போட்டா உப்புத்தாளு போட்டுத் தேய்க்கற மாதிரி நைனா."

"எவன் சொன்னான்?"

"போன்ல ஒருத்தரு..."

"அவன் நம்ம மரக்காணத்துக்கு வந்திருக்கானா?"

என் வீட்டுக்காரி அமராவதி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "விடிஞ்சதும் விடியாததுமா அப்பனும் பொண்ணும் இன்னா?"

மலர்கொடி உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். குளித்த முகத்தில் இருந்த வெளிச்சம் போயிருந்தது.

"ஏறு நைனா. கொளஞ்சி அண்ணன்கிட்டப் போலாம்."

கொளஞ்சி ஈசிஆர் ரோட்டின் மேல் வாட்டர் வாஷ் வைத்திருக்கிறான். நல்ல கூட்டம். பாண்டிச்சேரி பார்க்கப் போகிறவர்கள் வண்டி மேல் பட்ட காக்கா எச்சத்துக்கு அவனிடம் நிறுத்துவார்கள். நாங்கள் போனபோது நீளக் கம்பில் கட்டிய பிரஷ் ஒன்றைக் கீழே மண்ணில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

காரைச் சுற்றி வந்தான். டீயைக் கீழே வைத்தான்.

"மாமா, இது இன்னா மாமா?"

"நீயும் ஆரம்பிக்காதடா."

"மெஷின்ல தண்ணி அடிச்சு இந்த பிரஷ்ஷால ஒரு தேய் தேய்ச்சு விடவா மலரு? பதினஞ்சு நிமிசம்" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே தலையை ஆட்டினான். "வேணாம். வெளியூர்க்காரன்னா செஞ்சுடுவேன். இந்த பிரஷ்ஷு நேத்து லாரி கழுவுச்சு. அதுல இருக்கற மண்ணு இன்னும் நாலு கோடு போடும்."

"பாண்டியில தானா சுத்தற பிரஷ் இருக்குதாமே?" என்றாள் அவள்.

"அதுவும் பிரஷ்ஷுதானே? கறுப்பு வண்டிக்கு அது ஆவாது. வெறும் தண்ணி வேணா அடிக்கறேன். கைய வைக்காம."

அவன் துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்தக் குழாயைத் தூக்கினான். முனையில் தண்ணீர் சொட்டியது. நான் ஒரு விரலில் பிடித்து நாக்கு நுனியில் வைத்தேன். உப்புப் பாத்திக்கு எப்போது தண்ணீர் மாற்றலாம் என்று நாற்பது வருஷமாக நாக்கால் பார்க்கிறவன் நான்.

"கொளஞ்சி, இதைப் பாத்தியில விட்டா நாலு நாள்ல உப்பு வாரிடலாம்டா."

அவன் சிரித்துவிட்டான். "ஊரே கழுவிக்கினு போவுது மாமா. ஒருத்தனும் நக்கிப் பாக்கல."

"சிரிக்காத. இதை ஊத்தி வெயில்ல காய வச்சா வெள்ள வெள்ளயாப் பூத்துடும். இதுக்கு என் துணியே தேவல."

"தண்ணி விசயத்துல மாமா சொல்றது சரி" என்றான் கொளஞ்சி. மலர்கொடி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் என்னை முறைக்காமல் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்ப எப்படிதான் கழுவறது?"

"நல்ல தண்ணி இருந்தா வூட்லயே கழுவு. நெழல்ல நிறுத்து. மொதல்ல கை வைக்காம மேலேர்ந்து ஊத்து, உப்பு கரைஞ்சு எறங்கட்டும். ரெண்டு வாளி வை. ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல துணிய அலசற தண்ணி. துணி சோப்பு, பாத்திரம் வெளக்கற சோப்பு ஆவாது, மேல இருக்கற மினுமினுப்ப உரிச்சிடும். அழுத்தாத. சுத்தாத. நேர் கோட்டுல போ. அப்புறம் ஒத்தி எடு."

"கழுவினா இந்தக் கோடு போயிடுமாண்ணா?"

கொளஞ்சி டீயை எடுத்தான். ஆறிப்போயிருந்தது.

"போவாது மலரு. கழுவறது, இனிமே வராமப் பாத்துக்கும். வந்தது போவணும்னா பாலிஷ் மெஷின் போடணும். திண்டிவனத்துலதான் இருக்குது. இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

கார் ஷாம்பு ஒரு பாட்டிலும் புசுபுசுவென்று இரண்டு துணியும் அவனிடம் வாங்கிக்கொண்டாள். வழி முழுக்க இரண்டு பக்கமும் பாத்திகள் பளபளத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பளபளப்பையும் உண்டாக்குகிறவனுக்கு ஒரு காரின் பளபளப்பைப் பற்றிப் பாடம்.

எங்கள் தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் நல்ல தண்ணீர். அன்றைக்குக் காலையில் அமராவதி எட்டுக் குடம் பிடித்து வைத்திருந்தாள். மலர்கொடி முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அது குடிக்கிற தண்ணிடி" என்றாள் அமராவதி.

"தெரியும்மா."

"செவ்வாக்கெழமதான் மறுபடி வரும்."

"தெரியும்மா."

அமராவதி உள்ளே போனாள். இரண்டாவது குடத்தை அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கார்ப் பக்கத்தில் இறக்கினாள். மகள் புருஷனிடம் போய்ச் சேர வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நானும் அவளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, கூரையிலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றினாள். கையே வைக்கவில்லை. கதவு வழியாகக் கலங்கலாகத் தண்ணீர் இறங்கியது. காலையில்தான் நான் துடைத்த கதவு அது. அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது வழிகிற தண்ணீரில் ஒரு விரலை வைத்து நாக்கில் தடவினேன்.

கரித்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

"நைனா, வறண்ட பாத்தியில உப்பு வார்ற பலகையப் போடுவியா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"எவன் போடுவான்? அடிச்சேத்தக் கீறிக்கினு வந்துடும். உப்பு கறுத்துடும்."

"தண்ணி நிக்கும்போதுதானே இழுப்ப? அதுவும் பூ மாதிரி?"

"ஆமா."

"இதுவும் அதான்."

"அது உப்பு. இது காரு."

அமராவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மலர்கொடி சிரிக்கவில்லை. ஷாம்புத் தண்ணீரில் துணியை முக்கி, கூரையில் ஆரம்பித்து நேர்நேராக இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாளியில் அலசினாள். சக்கரத்துக்கு வேறு துணி. காரின் அடிப்பக்கம் கடைசியாக. இன்னொரு துணியை என்னிடம் கொடுத்தாள்.

"ஒத்தி எடு. தேய்க்காத."

ஒத்தினேன். காயம் பட்ட பிள்ளையைத் துடைக்கிற மாதிரி இருந்தது. இதெல்லாம் ஒரு வேலையா?

ஐந்து குடம் போயிற்று. நிழலில் கார் புதுசு மாதிரி நின்றது. மலர்கொடி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். "நெழல்லயே வச்சுக் காட்டலாமா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டாளா, தன்னிடமே கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை.

சரியாக நாலு மணிக்கு ரவூப் பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். என்னைவிடப் பத்து வயசு குறைவு இருக்கும். வெள்ளைத் தாடி, சலவைச் சட்டை. அமராவதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் காரைப் பார்த்தார். அந்த ஒன்று எனக்குப் பிடித்தது.

"மாஷா அல்லா. சுத்தமா வச்சிருக்கீங்கண்ணே."

இன்ஜினை ஓட விட்டுக் காது கொடுத்தார். கீழே படுக்காத குறையாகக் குனிந்து துரு இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மலர்கொடியின் கை துப்பட்டாவை விட்டது. அதுவரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அவர் செல்போன் டார்ச்சைப் போட்டு பானெட்டின் மேல் பிடித்தார்.

வளையம் வளையமாகத் தெரிந்தது.

கதவுக்குப் போனார். அங்கேயும் வளையம். கூரை, பின்பக்கம், எங்கே வெளிச்சம் விழுந்தாலும் அதைச் சுற்றி என் கை சுற்றிய சுற்று.

"யாரு தொடைச்சது?"

"நான்தான் பாய்" என்றாள் மலர்கொடி. "தெரியாம..."

"பொய்" என்றேன். "நான்தான் தொடைச்சேன். பதினோரு மாசம். வறட்டுத் துணியில."

பாய் டார்ச்சை அணைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, நான் துபாய்ல பதினெட்டு வருசம் மொதலாளி வண்டி கழுவினவன். புழுதி மேல துணிய வச்சா அங்க அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவான். கெட்ட வண்டி எவ்ளோ பாத்திருக்கேன். இவ்ளோ அக்கறையா கெடுத்த வண்டிய இப்பதான் பாக்கறேன்."

சிரிக்காமல் சொன்னார். அவர் சிரித்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"எம் பொண்ணு நிக்காவுக்குன்னு பாக்கற வண்டி இது. மாப்பிள்ள வூட்ல நாலு பேரு வெளிச்சம் போட்டுப் பாப்பாங்க. கோடு தெரிஞ்சா பேச்சு எம் பொண்ணு மேலதான் வரும்." மலர்கொடியைப் பார்த்தார். "நிக்காவுக்கு இன்னும் பத்து நாள் இருக்குது. பாலிஷ் போட்டுப் பாரும்மா. கோடு போச்சுனா நான் எடுத்துக்கறேன். போவலன்னா கோச்சிக்காத."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிறவரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

மலர்கொடி புருஷனுக்குப் போன் போட்டாள். படம் தெரிகிற மாதிரிதான் போட்டாள். நான் காரின் அந்தப் பக்கம் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. கோடு விழுந்ததை, பாய் சொன்னதை, பத்து நாளை, ஒன்று விடாமல் சொன்னாள். நான் துடைத்ததையும் சொன்னாள்.

ராஜ்கமல் திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்தக் காரின் மேல் கோழி ஏறி உட்கார்ந்ததைப் படத்தில் பார்த்துவிட்டு அரை மணி நேரம் கத்தியவன் அவன்.

அவன் கத்தவில்லை. மூச்சு விட்டான். நீளமாக.

"சரி விடு மலரு. மாமாவ ஒண்ணும் சொல்லாத. அப்ப இந்த மாசம் ஆவாது."

"பாய் பத்து நாள் குடுத்திருக்காருங்க. திண்டிவனத்துல..."

"பாக்கலாம். அவசரப்படாத. பாலிஷ்லாம் போட்டாப் போவாது."

"பாக்காமயே எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றேன்ல. டூட்டிக்கு நேரமாச்சு. வச்சிடறேன்."

வைத்துவிட்டான்.

கனமான மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறவனிடம், வேண்டாம் இங்கேயே இறக்கு என்று சொன்னால் ஒரு மூச்சு விடுவான். உப்பு சுமக்கிறவர்களிடம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ராஜ்கமல் விட்டது அந்த மூச்சு.

மலர்கொடி அதைக் கேட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே பண்ணியா நைனா?"

"இன்னாது?"

"நான் போவக்கூடாதுன்னு."

"நான் தொடைக்க ஆரம்பிச்சப்ப நீ போறேன்னே சொல்லல."

"போன வாரம் சொன்னேன். அதுக்கப்புறம் நீ தொடைச்சதை ஜன்னல்லேர்ந்து பாத்தேன். பல்லக் கடிச்சிக்கினு, அப்படி அழுத்தித் தேய்ச்ச. கோவமா இருக்குதேன்னு நெனச்சேன். கோவத்தக் காருல காட்டறன்னு நெனைக்கல."

போன வாரம் முழுக்க நான் அழுத்தித்தான் தேய்த்தேன். கோடு விழும் என்று தெரியாது. ஆனால் அழுத்தினேன்.

அந்த மூச்சைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால், காரைக் கெடுத்துவிட்டு இப்போது புருஷனையும் கெட்டவன் ஆக்குகிறாய் என்பாள். சொல்லாமல் விட்டால் பத்து நாள் அவள் அந்தக் காரைக் கட்டிக்கொண்டு அழுவாள். வாயை மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு விடிஞ்சதும் திண்டிவனம் போறேன்" என்றாள். "கழுவறதுக்கு பிரம்மதேசத்துல சித்தி வூட்டுக் கெணத்துலேர்ந்து கேன்ல தண்ணி எடுத்தாறேன். இனிமே குடிக்கிற தண்ணியத் தொடல. நீ மட்டும் இந்தக் காரைத் தொடாத நைனா. காலுல வேணா வுழறேன்."

கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டித் துணிகளை இழுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் போடுவாளோ, எங்கே போடுவாளோ. அமராவதி மிச்சமிருந்த மூன்று குடத்துக்கும் தட்டைப் போட்டு மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உப்பளத்துப் பக்கம் நடந்தேன். கடல் காற்று கிளம்பிவிட்டது. இந்நேரம் அடிக்கிற காற்றில் உதட்டை நக்கினாலே கரிக்கும். ஐந்து குடம் நல்ல தண்ணீரில் குளித்த காரின் மேல் உப்பு அது பாட்டுக்குப் படிந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் ஊற்றினால் கோடு விழாதாம். மெஷின் போட்டால் விழுந்தது போய்விடுமாம். பத்து நாளில் பாய் வந்து எடுத்துக்கொள்வாராம். அங்கே அவன் வீடு பிடித்து வைத்திருப்பானாம். எல்லாரும் சொல்கிறார்கள். வழிந்த தண்ணீரை நானே நக்கிப் பார்த்தேன், கரித்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மற்றதையெல்லாம் நம்பச் சொன்னால் எப்படி?

கொடியில் இருந்தது மூன்று துணிதான். நாலாவது என் தோளில் இருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.